இருந்த இடத்திலேயே திரும்புவது

மழை நின்று ஒன்பதாம் நாள்
தனிச்சியம் தோப்பில் புல் முழங்காலைத் தாண்டிவிட்டது.
எழுபத்தெட்டுத் தென்னை, நடுவில் மூன்று நெல்லி.
விழுந்த நெற்றைக் காலால் துழாவித்தான் எடுக்கவேண்டும்.
போன கார்த்திகையில் துழாவிய இடத்தில்
நெற்றுக்குப் பக்கத்தில் கண்ணாடி விரியன்.

மூன்று வருடமாக
தோளில் மாட்டும் மெஷினோடு நான்தான் இறங்குகிறேன்,
வாரைப் போட்டு, கயிற்றைச் சுண்டி இழுத்து,
இரண்டு டேங்க் பெட்ரோல் தீரும்வரை.
மறுநாள் சொசைட்டிப் பேரேட்டில்
என் எட்டெல்லாம் நெளிகிறது.
"இது மூணா, எட்டாம்மா?" என்கிறார் செயலாளர் சிலுவைமணி.
எட்டுதான் சார்.
கைதான் இன்னும் தோப்பிலிருந்து வரவில்லை.

இவருக்கு இடது கால்
கப்பலூர் விலக்கில் ஒரு லாரிக்கடியில் போனது.
மாட்டிய கால் வீட்டுத் தரையில் சொன்னபடி கேட்கும்,
உழுத மண்ணில் கேட்காது.
கிளட்ச் மிதிக்க வழியில்லாமல்
டிராக்டரை வாடிப்பட்டியில் விற்றோம்.
வாங்கியவன் ஓட்டிப்போன திசையை
இவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

வடக்கு வெளிவீதி, துளசிராம் கடை.
தள்ளிக்கொண்டு போவது ஒன்று. தள்ளுவது யார்?
பின்னாலேயே நடப்பது ஒன்று. நடப்பது யார்?
உட்கார்ந்து ஓட்டுவது ஒன்று, அதற்கு இரண்டு பெடல்.
துளசிராம் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை சொன்னார்,
இவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொன்னார்.
குறை சொல்லுமுன் குனிந்து அடிப்பக்கம் பார்த்துக்கொண்டார்.
எதைத் தேடுகிறார் என்று
கடைக்காரருக்குத் தெரியாது.

மூலையில் சாக்குப் போட்டு மூடியது கடைசி.
அழகர்கோவில் சாலையில் ஏதோ விடுதிப் புல்தரையில் ஓடியதாம்,
விடுதி கைமாறியதில் இதுவும் கைமாறி வந்திருக்கிறது.
ஸ்டியரிங் இல்லை.
சீட்டுக்கு இரண்டு பக்கமும் மடங்கிய இரண்டு கம்பி.
கீழே கால் வைக்க ஒரு தகடு.
"பெடல் எங்கண்ணே?"
"பெடலே கிடையாதுங்க. ரெண்டு கை போதும்."

பின்கட்டில் இறக்கினார்கள்.
ஊன்றுகோலை என்னிடம் நீட்டிவிட்டு ஏறினார்.
ரெண்டையும் தள்ளினால் முன்னே போகும்,
இழுத்தால் பின்னே வரும்,
ஒன்றைத் தள்ளி ஒன்றை இழுத்தால்
நின்ற இடத்திலேயே சுற்றும்.
முதல் தடவை ஆயில் டிரம்மை இடித்தார்.
அடுத்த தடவை டிரம்மைச் சுற்றிவந்தார்.
மூன்றாம் தடவை
ஒரு சாண் இப்படி அப்படிப் போகாமல்
முழுசாகத் திரும்பி
என் முன்னால் நின்றார்.

பஸ் படியில், பந்தியில், பாத்ரூம் கதவில்
"கொஞ்சம் தள்ளிக்கங்க" என்று
மூன்று வருடம் கேட்டுக்கேட்டுத் திரும்பியவர்.
சிரித்தாரா என்றால், இல்லை.
"பிளேடு என்ன வெல?" என்றார்.

ஒன்று எண்பதில் ஆரம்பித்து
ஒன்று ஐம்பத்தைந்தில் முடிந்தது பேச்சு.
டிராக்டர் விற்றதில் மிச்சம், மேலுக்கு என் இரண்டு வளையல்.
என் நகைக்கடனை நானே பேரேட்டில் எழுதினேன்,
அதிலும் எட்டு நெளிந்தது.
"கல்லப் பொறுக்கிட்டு ஓட்டுங்க,
வாய்க்காக் கரையில ஏத்தாதீங்க, கவுந்துரும்"
என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார் துளசிராம்.
இரண்டு ஞாயிறு கல் பொறுக்கினோம்.
பதினோரு கூடை. ஒரு பழைய பூட்டு.

இப்போது இவர் இறங்குகிறார்.
மரத்துக்கு மரம் வளைந்து போகிறது வண்டி,
தூரை மட்டும் ஒட்ட முடியாமல்
ஒவ்வொரு தென்னையைச் சுற்றியும்
ஒரு புல்வட்டம் விட்டுப் போகிறது.
அதுவும் வாய்க்கால் கரையும் என் பங்கு.
பழைய மெஷின், அரை டேங்க்.

வட்டம் ஒரு முழம் என்றால்
வீட்டில் எல்லாம் சுமுகம்.
இவர் தங்கை வீட்டு விசேஷத்துக்கு
செய்முறை பற்றி நான் ஒரு வார்த்தை கூடப் பேசிய வாரம்
போய் அளந்து பார்த்தேன்.
எழுபத்தெட்டு மரத்துக்கும்
மூன்று முழம்.