முப்பத்து மூன்று

வெளியே மைனஸ் இருபத்தேழு.
ஓவ்லு ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில்
உன்னைக் குளிரவைக்க
ஓர் இயந்திரம் மின்சாரம் குடிக்கிறது.
ஜன்னலைத் திறந்தால் போதுமே என்றேன்.
நர்ஸ் பிர்யோ பாதி சிரித்து
மீதியை விழுங்கிக்கொண்டாள்.

கையெழுத்துப் போட்டது நான்தான், சானா.
ஸ்னோமொபைல் கவிழ்ந்து
பைன் மரத்தில் நீ மோதிய இரவு.
மூளை வீங்குகிறது, மண்டையோடு இடம் தராது,
மற்ற வழியெல்லாம் பார்த்தாயிற்று,
குளிர்வித்துப் பார்க்கலாம்
என்றார் டாக்டர் ரௌத்தியோ.
பிழைப்பாளா?
சிலருக்கு உதவியது. சிலருக்கு இல்லை.
சத்தியம் செய்யமாட்டேன்.
பொய் சொல்லத் தெரியாத அந்த வாயை
அறைய வேண்டும்போல் இருந்தது. பிறகு
அதை நம்பித்தான் பேனாவை எடுத்தேன்.

பத்தொன்பது வருஷமாய் என் வேலை
குளிர் உன்னை அண்டாமல் பார்ப்பது.
பிர்ச் விறகு பிளந்தேன்.
கையுறையை அடுப்புமேல் காயவைத்து
சூடு ஆறுமுன் மாட்டிவிட்டேன்.
தொப்பி இல்லாமல் நீ ஓடினால்
குளிர் விட்டுப்போச்சா உனக்கு என்று கத்தினேன்.

இப்போது உன் மார்பிலும் தொடையிலும்
பனிநீர் ஓடும் பட்டைகள்.
முப்பத்து மூன்று என்கிறது திரை.
நடுங்கக்கூட உன் உடம்புக்கு அனுமதியில்லை;
அதைத் தடுக்கவும் ஒரு மருந்து இறங்குகிறது.
நான் கொண்டுவந்த கம்பளிக் காலுறைகள்
என் மடியிலேயே கிடக்கின்றன,
ஒன்றையொன்று கட்டிக்கொண்டு.

ஜனவரியில் ஏரியைத் துளைத்துப் பிடித்த மீன்
வாளியில் கட்டையாய் விறைத்திருக்கும்.
ஒருநாள் சமையலறைச் சூட்டில்
ஒன்று செவுளைத் திறந்தது. நீ அலறினாய்.
கத்தியை வைத்துவிட்டு
அரைக் கிலோமீட்டர் நடந்தோம் அதை விட்டுவர.
நீந்தியதா என்று தெரியவில்லை. இருட்டு.

மூன்றாம் நாள்.
மணிக்குக் கால் டிகிரி, அதற்குமேல் கூடாதாம்.
அவசரப்பட்டால் மூளை மறுபடி வீங்கும்.
இத்தனை மெதுவாக
எந்த அடுப்பையும் நான் மூட்டியதில்லை.
முப்பத்து நான்கு.
மண்டைக்குள் அழுத்தம்
பதினெட்டு. பதினேழு. பத்தொன்பது.
பிர்யோ எழுந்து நிற்கிறாள், நானும்.
பதினெட்டு.

முப்பத்தைந்தரை.
காலை பத்து மணிக்குத்தான் விடிகிறது இங்கே.
உன் தோளில் ஏதோ ஓடியது,
தண்ணீர்மேல் காற்றுப்போல.
நடுக்கம்.
மருந்தைக் கூட்ட பிர்யோ கை நீட்டினாள்.
ஒரு நிமிஷம் என்றேன்.
ஒரே ஒரு நிமிஷம்.
கண்குளிரப் பார்த்துக்கொள்கிறேன்.