முந்தி

டயர் மாற்ற நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள்.
நவம்பரின் முதல் பனி. ஹாகோதாத்தே ஊர் முழுக்க
அந்த ஒரே கடையில்தான் நிற்கிறது.
எதிரே ஒரு விளையாட்டுக் கூடம், உள்ளே கதகதப்பு.
அதற்காகத்தான் போனேன், சத்தியமாக.

இரண்டு முரசு, ஒரு திரை, நூறு யென்.
சிவப்பு வட்டம் வந்தால் நடுவில் அடி,
நீலம் வந்தால் விளிம்பில்.
இவ்வளவுதான் சட்டம்.
இருபத்திரண்டு வருடமாக டிராம் ஓட்டுகிறவளுக்கு
இதெல்லாம் ஒரு விஷயமா?

பாட்டு தொடங்கியது. பாடியது ஒரு பூனை.
வலப்பக்கமிருந்து வட்டங்கள் வந்தன,
மணி அடித்த பின் பள்ளிக்கூட வாசலில்
ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வருவதுபோல.
அடித்தேன்.
முந்தி, என்றது திரை.
அடித்தேன்.
முந்தி.
மறுபடி முந்தி, மறுபடி. நீலத்திலும் முந்தி.
பூனை மட்டும் அசராமல் பாடியது.

பக்கத்து முரசில் சீருடையோடு ஒரு பெண்,
சொந்தக் குச்சிகள், வெள்ளைக் கையுறை,
கண் திரையில் இருக்கிறதா என்றே சந்தேகம்.
அவள் அடித்தால் ஓட்டுமேல் மழை.
நான் அடித்தால்
பூட்டிய வீட்டுக் கதவு.

என்ன செய்ய, என் கால் அப்படிப் பழகியது.
சுயேஹிரோச்சோ நிறுத்தத்துக்கு பிரேக்
நிறுத்தத்தில் இல்லை, மருந்துக்கடைப் பலகையில்.
பனி நாளில் அதற்கும் முன்னால்.
நடைபாதையை விட்டு இன்னும் இறங்காத குடிகாரனுக்கு
ஏற்கெனவே மணி அடித்திருப்பேன்.
வரப்போவதற்குத்தான் எனக்குச் சம்பளம்,
வந்துவிட்டதற்கு இல்லை.

வீட்டிலும் அதுவே.
என் கெட்டில் கூவி நான் கேட்டதில்லை,
கூவுமுன் அணைத்துவிடுவேன்.
"கொஞ்சம் பேசணும்" என்று டெட்சுரோ வாயெடுத்தபோது
அவன் பெட்டி வாசலில் தயாராக இருந்தது.
நான்தான் அடுக்கினேன், சட்டைகளை நிறவாரியாக.
அவன் சொல்ல வந்தது
வேறு எதுவாகவோ இருந்திருக்கலாம்.

இரண்டாவது பாட்டு. இதில் பூனை இல்லை.
நடுவே ஓரிடத்தில் வட்டமே வராமல்
வெறும் கோடு ஓடிக்கொண்டிருந்தது.
குச்சி காதளவுக்கு எழும்பி நின்றது.
போகிறேன் என்றது கை.
இரு என்றேன்.
தூரத்தில் ஒரே ஒரு சிவப்பு,
வீட்டுச் செருப்போடு குப்பை போட வந்ததுபோல
சாவகாசமாக வந்தது.
வளையத்தைத் தொட்டது.
இரு.
வளையம் நிறைந்தது.

நன்று, என்றது திரை.

அந்த 'டொம்' என்னுடையதா, பாட்டினுடையதா
எனக்குத் தெரியவில்லை.
முழங்கைவரை ஒரு சூடு ஏறி இறங்கியது.
அடுத்த ஒன்பதும் முந்தி.

பெயரைப் பதியுங்கள் என்றது. பத்து விநாடி.
மசாயோ என்று எழுதத் தொடங்கி
மா வரைக்கும் போனேன், நேரம் முடிந்துவிட்டது.
இங்கே பிந்திவிட்டேன், பாருங்கள்.
எங்கள் பேச்சில் 'மா' என்றால் இடைவெளி.
இயந்திரத்துக்கு அதெல்லாம் தெரியாது.
இன்றைய பட்டியலில் மா நூற்றுப் பதினான்காவது.
நூற்றுப் பதினைந்தாவதாக யாரும் இல்லை.

கையுறைப் பெண் மரியாதையாகத் தலைகுனிந்து
கடைசி இயந்திரத்துக்கு இடம் மாறிக்கொண்டாள்.
அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது,
எந்தப் பாட்டுக்கும் ஒட்டாமல்.
டயர் மாட்டி இருபது நிமிடம் ஆயிற்றாம்,
பின்னால் வண்டிகள் நிற்கின்றனவாம்.
அதே பையில், போனுக்கு அடியில்,
இன்னொரு நூறு யென் விரலில் தட்டுப்பட்டது.

வருகிறேன் என்றேன்.
குச்சியைக் கீழே வைக்கவில்லை.