கேள்வி ஏழு

லாபிஸ் கடைத்தெருவில்
கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்கு மேல்மாடி.
இரண்டு மேசை, ஒரு காற்றாடி,
செம்பனைக் குலை லாரி போகும்போதெல்லாம்
நடுங்கும் ஒரு திரை.
இதைத்தான் அலுவலகம் என்று
வங்கிப் படிவத்தில் எழுதியிருக்கிறேன்.

இங்கே உட்கார்ந்து ஆய்வுக்கூடம் கட்டினேன்.
உடையாத முகவை, தீராத அமிலம்,
தொட்டால் சுடாத சுடர்.
படிவம் ஐந்து: ரப்பர்ப்பால் உறைதல்.
ஒரு சொட்டு அமிலம் விழுந்ததும்
பால்துகள்கள் தம் மின்சட்டையைக் கழற்றிவிட்டு
மோதி, ஒட்டி, கட்டியாகும்.
அந்த மோதலை வரைய மட்டும்
பதினொரு இரவு போயிற்று.

ஆசிரியர்களுக்கென்று
உள்ளே ஓர் அறையும் வைத்தேன்.
'உங்கள் சிறந்த பாடத்தைப் பகிருங்கள்'
என்று வாசலில் எழுதிவைத்தேன்.
நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள்,
வாய் திறக்கவில்லை.
தட்டில் முதல் முறுக்கை
யார் எடுப்பார் என்று பார்த்திருக்கும்
விருந்தாளிகள் போல
மூன்று வாரம்.

பிறகு கேள்வி ஏழு.
'அமிலம் சேர்க்காவிட்டால் பால் உறையாது.
சரியா? தப்பா?'
'தப்பு' என்று அழுத்தினாள் லோஷினி.
திரை சிவந்தது.
மறுபடி அழுத்தினாள், சிவந்தது.
பதிவேட்டில் பார்க்கிறேன்:
இரவு ஒன்பது நாற்பதிலிருந்து ஐம்பத்திரண்டு வரை
பதினான்கு முறை
அதே பதில்.

விசை சிக்கிக்கொண்டது போலிருக்கிறது
என்று நினைத்தேன்.
அந்த வரிகளை அழிக்கவும் போனேன்.

மறுநாள் சாயங்காலம் அறையில்
ஒரு குரல் கேட்டது, யோகமலர் டீச்சர்:
'இன்றைக்கு ஒரு மாணவி மங்கோடு வந்தாள்.
அம்மா நேற்று வெட்டிய பால்.
யாரும் எதுவும் ஊற்றவில்லை.
மேசையில் இருக்கிறது,
அசைத்தால் ஆடுகிறது, நாறுகிறது.
பத்தொன்பது வருஷமாய்
அமிலம், அமிலம் என்று சொல்லிவிட்டேன்.
இப்போது என்ன சொல்ல?'

முறுக்கை எடுத்துவிட்டார்கள்.

குளுவாங்கிலிருந்து ஒருவர்:
'என் வகுப்பில் அமிலம் விட்டும் உறையவில்லை.
அம்மோனியா கலந்த பாலை வாங்கிவந்துவிட்டேன்.
மாணவர்களிடம் இதுவரை சொல்லவில்லை.'
கெமாஸிலிருந்து சிக்கு ஹஸ்னிசா, மலாயில்:
'நாம் ஊற்றாத அமிலத்தை
கிருமி ஊற்றியிருக்கும்.
இரண்டு மங்கு வையுங்கள்,
மணிக்கு ஒருமுறை லிட்மஸ் தோய்த்துப் பாருங்கள்.'
தன் வகுப்பில் எலுமிச்சை பிழிந்து
சட்டையெல்லாம் ரப்பரான கதையை
இன்னொருவர் எழுதினார்.

இந்த ஊரில் ஆசிரியருக்கு சிக்கு என்று பெயர்.
தமிழில் சிக்கென்றால் முடிச்சு.
அன்று நள்ளிரவுவரை
சிக்குகள் கூடிச் சிக்கெடுத்தார்கள்.
ஒருவர்கூடத் தன் சிறந்த பாடத்தைப் பற்றிப் பேசவில்லை.

வாசலில் நான் எழுதியிருந்ததை அழித்தேன்.
'இன்றைக்கு எது சொதப்பியது?'
என்று மாற்றினேன்.

கேள்வி ஏழை எடுத்துவிடத்தான் நினைத்தேன்.
எடுக்கவில்லை. சிவப்பை மட்டும் எடுத்தேன்.
அந்த இடத்தில் ஒரு வெற்றுப் பெட்டி:
'நீ என்ன பார்த்தாய்?'
பதினோராம் இரவில் வரைந்த அந்த அழகான மோதல்
இப்போது இரண்டாவது பக்கத்துக்குப் போய்விட்டது.
கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

பெட்டியில் விழுந்த முதல் வரி
லோஷினியுடையது:
'அக்கா, கட்டிப்பால் நீங்க வரைஞ்ச மாதிரி
வெள்ளையா இருக்காது.
அப்புறம், உங்க பால் நாறவே மாட்டேங்குது.'

நிறத்தை அன்றே மாற்றினேன்.
மற்றதைப் பிழைப்பட்டியலில் சேர்த்தேன்.
எண் இருநூற்றுப் பன்னிரண்டு:
'நாற்றம் இல்லை.'
பொறுப்பு: நான்.
கெடு: போடவில்லை.