பெரும்புள்ளி

கறுப்புக் கல்லில் நாங்கள் வெள்ளை பூசுவதில்லை.
வைரமுனை ஊசி பட்ட இடம்
வெளுத்துப்போகும், அவ்வளவுதான்.
மூக்கின் மேல் வெளிச்சம் வேண்டுமென்றால்
மூக்கைத்தான் அதிகம் குத்த வேண்டும்.

நீஸ்னி தாகிலில் அந்த வருடம்
ஆண்கள் முப்பதைத் தாண்டவில்லை.
பட்டறைச் சுவரில் விலை எழுதியிருந்தோம்:
முகம் மட்டும்.
மார்பு வரை.
முழு உருவம்.
கைக்குத் தனிக்கணக்கு,
விரல்கள் நேரத்தைத் தின்பவை.

வித்தாலிக்கு முழு உருவம். இரண்டு மீட்டர் கல்,
உயிரோடிருந்தபோது இத்தனை உயரமில்லை.
தோல்கோட்டின் மடிப்புகளுக்கே மூன்று நாள்.
அவர் மனைவி கையுறையைக் கழற்றாமல்
கல்லை ஒருமுறை சுற்றி வந்து
"கடிகாரம் எங்கே?" என்றாள்.
கோட்டுக்கையின் இருட்டில் ஒரு கடிகாரம் குத்தினேன்.
மணி எத்தனை வைக்க?
"பத்து பத்து. விளம்பரத்தில் இருக்குமே, அப்படி."
வலது கையில் கார்ச்சாவி,
வளையத்தில் மூன்றுமுனை நட்சத்திரம்.
ஊரில் அவர் பெரும்புள்ளி.
என் ஊசிக்குத் தெரிந்தது ஒரே அளவுப் புள்ளி.

அதே காரில், முன்னிருக்கையில் செத்தவன் லியோன்யா.
அவன் அம்மா ஸினாயிதா
பாஸ்போர்ட் படத்தோடு வந்தாள்.
முகம் மட்டும்.
இடக்கன்னத்தில் அலுவலக முத்திரையின் கால்வட்டம்
ஒரு நகக்கீறல் போல.
"எடுத்துவிடவா?"
"இருக்கட்டும். சர்க்கார் அவனைத் தொட்டது
அந்த ஒரு தடவைதான்."

பிறகு சுவரோரம் சாய்ந்திருந்த வித்தாலியைப் பார்த்தாள்,
நெடுநேரம்,
முகத்தை அல்ல.
"அது என் பையன் சாவி," என்றாள்.
"இவருக்கு ஓட்டவே தெரியாது."

ஒரு கைக்கு எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன்.
நோட்டுகளை எண்ணினாள், திரும்ப எண்ணினாள்,
கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டாள்.
காசு வேண்டாம், நான் செய்து தருகிறேன் என்று
சொல்லியிருக்கலாம்.
பட்டறை வாடகை பாக்கி. குளிரில் விரல் விறைப்பு.
இப்படி இன்னும் இரண்டு காரணம் வைத்திருக்கிறேன்.

ஜனவரியில் வேறொரு கல்லை நட்டுவிட்டுத் திரும்பும்போது
அவளைக் கண்டேன்.
மகன் கல் இருந்த இடமே தெரியவில்லை.
பிர்ச் துடைப்பத்தால் தோண்டித் தோண்டி
நெற்றியைக் கண்டுபிடித்தாள், கன்னத்தை,
அந்தக் கால்வட்டத்தை.

அப்புறம் வாசலோர முன்வரிசைக்கு நடந்து வந்தாள்.
வித்தாலி இடுப்பு வரை பனியில் நின்றார்,
மேலே கண், கோட்டு, கடிகாரம் எல்லாம் உறைந்து வெள்ளை.
கையுறையைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு
வெறும் கட்டைவிரலால்
சாவியை மட்டும் துடைத்தாள்.