ஏழாவது நிறுத்தம்

பர்லியாறு தாண்டுமுன்பே தெரிந்துவிட்டது.
நாளுக்கு இருநூறு கோப்பைத் தேநீரை
உறிஞ்சித் துப்பி விலை சொல்லும் மூக்கு இது.
கருகலில் எத்தனை வகை என்று
அதற்குத் தெரியாதா.
ரோமமும் பிசினும் சேர்ந்து எரிகிற வாடை
முன்சக்கரத்திலிருந்து ஏறி வந்தது.

போஜராஜ் பக்கத்து வீடு.
மேட்டுப்பாளையம் பஸ் ஓட்டுகிறவன்.
"ஏறும்போது எந்த கியரோ எறங்கும்போதும் அதே கியர்.
நீ பிரேக்கைத் தின்னுட்டே எறங்கியிருக்க"
என்றான் என் சிவப்புக் காரைத் தடவியபடி.
பதினோரு வருடப் பழசு. மூன்று கை மாறியது.
இரண்டே இருக்கை,
ஒரு கேரட் மூட்டைக்குக்கூட இடமில்லாத வேகம்.

ஞாயிறு.
வண்டிச்சோலையில் சமதரை என்று எதுவும் கிடையாது.
சரிவு குறைந்த இடமாகப் பார்த்து
சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன்.
திங்கட்கிழமை ருசி மேசைமுன் விரல் மணக்கக் கூடாது,
ஆகவே கைக்கு இரண்டு உறை.

காலிப்பர் விட்டுக்கொடுக்கவில்லை.
கீழ்ப்பக்கத்து ஊசியில்
மூன்று மழைக்காலம் துருவாக இறுகியிருந்தது.
வெளிப்பக்கத்து பேடு பாதி மிச்சம்.
உட்பக்கத்ததில் இரும்பே தெரிந்தது.
கண்ணில் படுகிற பக்கத்தைக் குனிந்து பார்த்துவிட்டு
இன்னும் ஓடும் என்று
ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான்.

குழாயில் பாரம் விழாமல்
காலிப்பரைக் கம்பியில் தொங்கவிட்டு
கவ்வியால் பிஸ்டனை உள்ளே தள்ளத் தள்ள
பானட்டுக்கடியில் எண்ணெய் மட்டம் உயர்ந்தது.
தேய்ந்த இடத்தை நிரப்பப் போயிருந்த எண்ணெய்
வீடு திரும்புகிறது.
டார்ச் பிடித்த போஜராஜ்
டிப்போச் சண்டை ஒன்றைச் சொல்லிக் கையை ஆட்ட
வெளிச்சம் அவன் அவரைப்பந்தலில் போய் நின்றது.
நான் இருட்டில் ஊசியைத் தேடினேன்.

எல்லாம் முடிந்தது.
ஜாக்கை இறக்கினேன், கல்லை உதைத்தேன்,
உட்கார்ந்து கைப்பிரேக்கை விடுவித்து
மிதித்தேன்.
எதுவும் இல்லை.
இருட்டில் இல்லாத படியொன்றில்
கால் வைத்ததுபோல் தரைவரை போயிற்று.
கார், அவசரமே இல்லாமல்,
அவரைப்பந்தலைப் பார்த்து நடந்தது.
கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தியபோது
கொடியொன்று முன்கண்ணாடியைத் தொட்டிருந்தது.
"பெடலை பம்ப் பண்ணலியா?" என்றான்.
பிறகு,
"அவரைக்கா வேணும்னா கேட்டிருக்கலாமே."

நாலு மிதி வெறும் மிதி.
ஐந்தாவதில் காலடியில் ஏதோ கெட்டிப்பட்டது.

புது பேடைத் தட்டோடு பழக்க வேண்டும்.
அறுபதில் போய்ப் பத்துக்கு இறக்கு. மறுபடி அறுபது.
பத்து முறை.
ஒருமுறையும் முழுதாக நிற்கக் கூடாது:
சூட்டோடு நின்றால்
பேடின் தோல் தட்டில் ஒட்டிக்கொள்ளும்.
விடியுமுன் கோத்தகிரி சாலையில் கிளம்பினேன்.
நேர்ச்சாலை என்பது மலையில் ஒரு வதந்தி,
அகப்பட்ட துண்டுகளில் அறுபது, பத்து, அறுபது.
கட்டபெட்டு வரும்முன் ஆறு ஆகிவிட்டது.

ஏழாவதில்
மூடுபனிக்குள் இன்னும் கெட்டியான ஒரு பனியாக
காட்டெருமை.
வெள்ளைக் காலுறை போட்ட நாலு கால்,
சாலையின் மொத்த அகலம்.
முழுதாக நின்றேன்.
அது என்னைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.
எதையோ மென்று முடித்தது,
மூச்சு ஹெட்லைட்டில் புகைந்தது,
தேயிலைச் சரிவில் இறங்க
அதற்கு எத்தனை நேரம் வேண்டுமோ
அத்தனை நேரம் எடுத்துக்கொண்டது.
என் கால் பெடலைவிட்டு எழவில்லை.
சக்கரத்துக்குள் சூடு தட்டில் எழுதிக்கொண்டிருந்தது.

இப்போதெல்லாம் எந்த வளைவில் மிதித்தாலும்
சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒருமுறை
பாதத்தில் சின்னதாய் ஓர் உதறல்.
தட்டைக் கடைந்தால் போய்விடும் என்கிறான் போஜராஜ்,
குன்னூரிலேயே ஆள் இருக்கிறதாம்.
போகலாம்.
இந்த வாரம் ஏலம், அடுத்த வாரம் மழை.
இறங்குகையில் இரண்டாம் கியர்தான் இப்போது.
அதையும் மீறி மிதிக்க நேர்ந்தால்
காலுக்கடியில் அது
கடந்து போகும்வரை காத்திருக்கிறேன்.