ஐநூற்று மூன்று

புது மீட்டர் மாட்டிய அன்று
லைன்மேன் பெள்ளிராஜ் சொன்னது இவ்வளவுதான்:
"அக்கா, இந்தச் சிவப்பு விளக்கு
மூவாயிரத்து இருநூறு தடவை சிமிட்டினால் ஒரு யூனிட்.
மற்றதெல்லாம் போனில் வரும்."
ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு
கட்டபெட்டு மேட்டில் ஏறிப் போய்விட்டார்.

எண் என்றால் எனக்குப் பயமில்லை.
கொழுந்து நிறுக்கும் ஷெட்டில் பதினொரு வருஷம்.
மழைநாளில் இலையோடு வரும் தண்ணீருக்கு
நூற்றுக்கு எத்தனை கழிப்பதென்று
மூட்டையில் கை வைத்ததும் சொல்லிவிடுவேன்.
கேஸ் சிலிண்டரும் அப்படித்தான்.
ஷெட்டின் பழைய தொங்குதராசை இரவல் வாங்கி
ஞாயிறுதோறும் தூக்கி மாட்டுவேன்.
கழுத்தில் எழுதிய காலி எடையைக் கழித்தால்
மிச்சம்தான் அடுப்பு.
தராசு கிடைக்காத வாரம்
மேலிருந்து வெந்நீர் ஊற்றித் தடவிப் பார்ப்பேன்;
எந்த இடத்தில் விரல் சில்லிடுகிறதோ
அதற்குக் கீழே கேஸ்.

வாரம் ஒன்றரைக் கிலோ இறங்கிக்கொண்டிருந்தது
மார்கழியில் ஒன்றே முக்கால் ஆனது.
புதிதாக எதுவும் சமைக்கவில்லை.
ஒரே டீயை இரண்டு தடவை போட்டோம்,
அவர் நாலரைக்கு, நான் ஆறுக்கு.

காரணம் பெரிதில்லை.
பெரிதுதான்.
தம்பியின் பிக்கப் வண்டிக் கடனுக்குத்
தவசீலன் என்னிடம் சொல்லாமல்
ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார்.
நோட்டீஸ் வந்த இரவு
பாயை முன்னறைக்கு மாற்றினேன்.
மறுநாள் கோத்தகிரி போய்
ஆயிரம் வாட் ஹீட்டர் ஒன்று வாங்கினேன்.
பழையது அவர் அறையில்.

போனில் மணிக்கு மணி பச்சைக் கட்டைகள்.
ஃபிரிட்ஜ் கிடையாது, ஊரே ஃபிரிட்ஜ்,
அதனால் பகலெல்லாம் புல் மாதிரி தரையோடு கிடக்கும்.
இரவு பத்துக்கு மேல்
முன்பிருந்ததைவிட இரண்டு மடங்கு உயரம்.
பக்கத்து வீட்டுக்குத் தெரியாததை
மின்வாரியம் தெரிந்துவைத்திருந்தது:
இந்த வீட்டில் இரண்டு குளிர்.

குந்தாவில் இருட்டுக்குள்
தண்ணீர் குழாய்வழி மலையிறங்கிச் சக்கரம் சுற்றுகிறது,
ஒரே சுவரின் இரண்டு பக்கமும்
தனித்தனியாகச் சூடாவதற்கு.

கணக்கெடுக்க ஆறு நாள் இருந்தது.
நானூற்று எண்பத்தைந்து.
ஐநூறைத் தாண்டினால் வேறு விலை,
கடன்காரன் வீட்டுக்கு அது கட்டாது.

அன்று பதினொரு மணிக்குச் சால்வையோடு வெளியே போனேன்.
புல்லெல்லாம் வெள்ளை. கால் மரத்தது.
போனில் ஒரு நிமிஷம் வைத்துச் சிமிட்டலை எண்ணினேன்.
இரண்டு ஹீட்டருக்கு நூற்றாறு வரவேண்டும்,
ஓடி வந்தவன் நாடி மாதிரி.
ஐம்பத்து மூன்று.
மறுபடி எண்ணினேன்.
ஐம்பத்து மூன்று.

என் ஹீட்டர் ஓடுகிறது.
அப்படியானால்.

அவர் கதவிடுக்கில் ஆரஞ்சு வெளிச்சம் இல்லை.
குரங்குக் குல்லாய், இரண்டு ஸ்வெட்டர்,
கட்டில் ஓரமாகச் சுருண்டு ஓர் உருவம்.
அவர் போனிலும் அதே ஆப் இருக்கிறது என்பது
அப்போதுதான் உறைத்தது.

திரும்பி வந்து என் பிளக்கைப் பிடுங்கினேன்.
போய் எண்ணவில்லை.
ஐந்து இரவு, இரண்டு அறையிலும் இருமல் மட்டும்.

பில் வந்தது. ஐநூற்று மூன்று.

போனை மேசை நடுவில் வைத்தேன்.
ஐந்து வாரம் கழித்து அவர் வாய் திறந்தார்:
"அந்த மூணு, உன் இஸ்திரிப் பெட்டி."
"கீசரைப் போட்டுவிட்டுப் பேப்பர் படித்தது யாராம்?"

நோட்டீஸ் அலமாரியில் அப்படியே கிடக்கிறது.
தம்பி இந்தத் தவணையும் கட்டவில்லை.
ஞாயிற்றுக்கிழமை நான் தராசை மாட்டும்போது
அவர் வந்து சிலிண்டரின் அடியைத் தாங்கிக்கொண்டார்.
முள் ஆடியது.
"கையை எடுங்கள்," என்றேன்,
"நீங்கள் பிடித்தால் எடை குறைத்துக் காட்டும்."
கொஞ்ச நேரம் கழித்து எடுத்தார்.