முப்பத்தேழாம் கேள்வியை எழுதியவருக்கு

நீங்கள் யாரென்று தெரியாது.
முப்பத்தேழாம் கேள்வியில் ஒரு மனிதரைப் படுக்க வைத்திருக்கிறீர்கள்.
வயது எழுபத்திரண்டு, இடுப்பில் அறுவை முடிந்து மூன்றாம் நாள்.
‘அமைதியின்றி இருக்கிறார்.
செவிலி முதலில் செய்ய வேண்டியது எது?’
நான்கு விடை. நான்கும் நல்ல காரியம்.
அதுதான் உங்கள் குசும்பு.

நான் வலி மாத்திரையில் விரல் வைத்தேன்.
தப்பு.

டுலூத்தில் அன்றிரவு பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
சலவை அறையில், துணி உலர்த்தும் எந்திரத்தின் மேல்
புத்தகத்தை விரித்திருந்தேன்.
அங்கே மட்டும்தான் விரல் மடங்கும்.
சட்டையில் பெயர்ப் பட்டை: இல்சா, உதவியாளர்.
பரீட்சைக்கு இன்னும் பத்தொன்பது நாள்.

உங்கள் ஆஸ்பத்திரி எனக்குப் பிடிக்கும்.
அங்கே செவிலிக்கு எப்போதும் இரண்டு கையும் காலி.
கேட்ட பொருள் கேட்ட இடத்தில் இருக்கும்.
இங்கே பதினொன்றாம் அறையில் திருமதி பெல்லாமி
தலையணை சூடாகிவிட்டதென்று ஐந்தாம் முறை மணியடிக்கிறாள்.
ஒன்பதில் ஒருவர் காலுறையைத் தேடி அழுகிறார்.
பதினான்கில், காலில் பத்து நாள் மாவுக்கட்டோடு,
ஆர்வில் ஸ்கோக்ஸ்டாட்
மணியே அடிக்கவில்லை.

ஆர்வில் இரும்புத்தாதுக் கப்பலில் சமையல்காரர், முப்பத்தோரு வருஷம்.
தூக்கத்திலும் கை உருளைக்கிழங்கு சீவும்.
போர்வை நுனியைப் பிடித்து, கட்டைவிரலால், நிதானமாக.
தோல் ஒரே சுருளாக விழ வேண்டும் அவருக்கு.
எல்லோருக்கும் தெரியும். சிரித்துவிட்டுப் போவோம்.

அன்று வேகமாகச் சீவினார்.
தோல் துண்டு துண்டாக அறுந்தது.
(எதைச் சொல்கிறேன், கையில் கிழங்கே இல்லை.)
விளக்கைப் போட்டதற்கு என்னைத் திட்டவும் இல்லை.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினேன்.
பிறகுதான் விரலில் கருவியை மாட்டினேன்: எண்பத்தாறு.
பிறகுதான் மூச்சை எண்ணினேன்: முப்பத்திரண்டு.
அழைப்புப் பொத்தானை அமுக்கினேன். அங்கே ஏற்கெனவே
பெல்லாமியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை.
கதவிலிருந்தே கத்தினேன்.

டோவே கூடத்தின் கோடியில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள்.
படித்த வரிசையில் எண்களைச் சொல்லத்தான் வாய் திறந்தேன்.
வந்தது: “ஆர்வில் சரியாகச் சீவவில்லை.”
மருந்து வண்டியைப் பூட்டிவிட்டுத்தான் வந்தாள்.
அதுதான் விதி.
அந்த இரண்டு நொடிக்காக இன்னும் அவள்மேல் கோபம் எனக்கு.

நுரையீரலில் ரத்தக்கட்டியாக இருக்கலாம் என்றார்
ஆம்புலன்ஸில் வந்தவர், மீசையில் பனியோடு.
அதற்குமேல் எனக்குச் சொல்ல மாட்டார்கள்.
நான் உறவும் இல்லை, செவிலியும் இல்லை.

பெல்லாமியின் தலையணையைத் திருப்பிப் போட்டேன்.
காலுறை கட்டிலுக்கடியில் கிடந்தது.
பதினான்கில் போர்வையை எடுத்து மடித்தபோது
நுனியில் நூல் பிரிந்திருந்தது, ஒரு விரல் நீளம்.
அதைச் சலவைக்குப் போடவில்லை.

நாலரை மணிக்கு மறுபடி முப்பத்தேழு.
விடைப்பக்கத்தில் காரணம் சொல்லியிருக்கிறீர்கள்:
‘அமைதியின்மை, ஆக்சிஜன் குறைவதன் முதல் அடையாளமாக இருக்கக்கூடும்.’
சரி. ஒப்புக்கொள்கிறேன்.
ஆனால் எண்ணைப் பார்க்குமுன் கட்டிலை உயர்த்தினேனே,
அதற்கு மதிப்பெண் உண்டா?
உங்கள் எழுபத்திரண்டு வயதுக்காரர்,
நான் அடுத்த கேள்விக்குப் போன பிறகு, என்ன ஆனார்?
அமைதியின்றி என்று எழுதினீர்களே,
அப்போது அவர் கை என்ன செய்துகொண்டிருந்தது?

பக்க ஓரத்தில் பென்சிலால்
‘கை?’ என்று எழுதிவைத்தேன்.
எந்திரம் நின்றிருந்தது. துணி இன்னும் ஈரம்.